இரும்புக்கும் நகர இடம் வேணும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது. படிக்க வசதியாகச் சில இடங்களில் மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)



நான் டீசல் மெக்கானிக். சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரிப் பட்டறை வெச்சிருக்கேன். லாரி, போர்வெல் ரிக் வண்டி, பாடி கட்டுற பட்டறை, டயர் கடை, இதுதான் எங்க ஏரியா. வெளி மாநிலத்துல எங்கேயாவது போர் போடுற வண்டியைப் பார்த்தா நம்பர் பிளேட்டைக் கவனிங்க. டி.என். 34ன்னு இருந்தா அது எங்க திருச்செங்கோட்டு வண்டி.

நீங்க இதைக் காதால கேட்டுட்டு இருக்கீங்க. அதனால ஒரு சத்தத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

காலையில, ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த லாரியை ஸ்டார்ட் பண்றாங்க. எஞ்சின் பக்கத்துல 'டிக், டிக், டிக்'னு ஒரு சத்தம். சுவர்க் கடிகாரம் ஓடுற மாதிரி, ஆனா ரொம்ப வேகமா. பத்து நிமிஷம் ஓடினதும் சத்தம் காணாமப் போயிடும். 'சரி, தானா சரியாப் போச்சு'ன்னு டிரைவர் கிளம்பிடுவார். உள்ளே நடந்தது வேற. ஒரு இரும்புத் துண்டுல விரிசல் இருக்கு. சூடானதும் இரும்பு விரிஞ்சு அந்த விரிசலைத் தற்காலிகமா மூடிக்கிச்சு. அந்த இரும்புத் துண்டுக்குப் பேர் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. இன்னைக்கு அதோட ரிப்பேரைப் பத்தித்தான் பேசப் போறேன்.

சிவந்து நிற்கும் இரும்பு

ஆறு சிலிண்டர் எஞ்சின்னா டீசல் எரியுற அறை ஆறு. எரிஞ்ச புகை வெளிய வர ஆறு வாசல். அந்த ஆறு வாசலையும் சேர்த்து ஒரே வழியாக்கி டர்போவுக்கு அனுப்புற வார்ப்பு இரும்புக் குழாய்தான் மேனிஃபோல்டு. சைலன்சர் எல்லாம் அதுக்கு அப்புறம் வர்றது. அதனால புகையோட முழுச் சூட்டையும் முதல்ல வாங்கிக்கிறது இதுதான்.

எவ்வளவு சூடு? லோடு ஏத்தின வண்டி மேடு ஏறும்போது அந்தப் புகை 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். 600, 700 வரைக்கும் போகும். ரிக் வண்டியில இதைக் கண்ணாலயே பார்க்கலாம். பாறையில துளை போடக் காத்து கொடுக்கிற கம்ப்ரசரை ஓட்ட அதுல தனியா ஒரு பெரிய டீசல் எஞ்சின் இருக்கும். மணிக்கணக்கா முழு லோடுல ஓடும். ராத்திரி லைட்டை அணைச்சுட்டுப் பார்த்தா மேனிஃபோல்டு மங்கலாச் சிவந்து தெரியும். எந்தத் திடப்பொருளா இருந்தாலும் சுமார் 525 டிகிரியில இருட்டுல சிவப்பாத் தெரிய ஆரம்பிக்கும். இரும்பே நமக்கு அடிச்சுக் காட்டுற தெர்மாமீட்டர் அது.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. வார்ப்பு இரும்பு ஒரு மீட்டர் நீளம்னு வெச்சுக்கங்க. 500 டிகிரி சூடேறினா சுமார் 6 மில்லிமீட்டர் நீளும். ஆனா அது மாட்டியிருக்கிற எஞ்சின் ஹெட்டுக்குள்ள தண்ணி ஓடுது. ஹெட் 100 டிகிரி பக்கத்துலதான் நிக்கும். அது ஒரு மில்லிமீட்டர்கூட முழுசா நீளாது. ஒண்ணு 6 நீளுது, இன்னொண்ணு 1. ரெண்டையும் போல்ட் போட்டு இறுக்கி வெச்சிருக்கோம். நடுவுல இருந்து கணக்குப் போட்டா ரெண்டு முனையும் ஆளுக்கு ரெண்டரை மில்லிமீட்டர் வெளியே தள்ளுது. அதனாலதான் பெரும்பாலும் முதல்ல உடையறது கடைசி ரெண்டு முனையில இருக்கிற ஸ்டட்.

மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுறதைப் பெரியவங்க பார்த்திருப்பாங்க. பட்டையை நெருப்புல பழுக்கக் காய்ச்சி, விரிஞ்ச நிலையில மரச் சக்கரத்து மேல மாட்டி, தண்ணி ஊத்துவாங்க. சுருங்கும்போது அது சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும். ஒரு தடவை காய்ச்சி ஆறினதுக்கே அவ்வளவு பிடி. லாரி மேனிஃபோல்டு தினமும் பல தடவை காய்ஞ்சு ஆறுது, வருஷக் கணக்கா.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு. மேனிஃபோல்டு நாளாக நாளாக நீளாது, குட்டையாகும். சூட்டுல விரியப் பார்க்கும், போல்ட் விடாது. அப்ப அது தன்னைத்தானே நசுக்கிக்கும். ஆறும்போது அந்த நசுங்கின அளவுக்குச் சுருங்கி நிக்கும். பழைய மேனிஃபோல்டைக் கழட்டிட்டுத் திரும்ப மாட்டப் போனா நடு ஓட்டை சேரும், முனை ஓட்டை சேராது. புதுசா வேலைக்கு வர்ற பசங்க 'வேற வண்டியோடதை மாத்தி எடுத்துட்டோமா'ன்னு முழிப்பாங்க.

எஞ்சினை வடிவமைக்கிறவங்களுக்கு இதெல்லாம் நல்லாத் தெரியும். பெரிய எஞ்சின்கள்ல மேனிஃபோல்டை ரெண்டு மூணு துண்டா வார்த்து, ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழையற மாதிரி மாட்டுவாங்க. நடுவுல பிஸ்டன் ரிங் மாதிரி மெல்லிய வளையம் புகையை அடைக்கும். துண்டுகள் முன்ன பின்ன வழுக்கிக்கும். சில எஞ்சின்ல போல்ட் நீளமா இருக்கும், அதுல ஒரு குழாய்த் துண்டு கோர்த்திருக்கும். நீள போல்ட் கொஞ்சம் வளையும், கொஞ்சம் இழுபடும், ஆனா பிடியை விடாது. இந்தக் குழாய்த் துண்டு சும்மா அழகுக்கு இருக்குதுன்னு நினைச்சுத் தூக்கிப் போட்டுட்டு, குட்டை போல்ட்டைப் போட்டு முறுக்கி வெச்ச வண்டிகளை நிறையப் பார்த்திருக்கேன். அதுல ஸ்டட் உடைஞ்சுக்கிட்டே இருக்கும்.

இன்னைக்கு நான் சொல்ல வந்தது இது ஒண்ணுதான். மேனிஃபோல்டு நகர்ற பொருள். அதை நகர விடுற ரிப்பேர் நிக்கும். நகர விடாம இறுக்கிப் பிடிக்கிற ரிப்பேர் திரும்பப் பட்டறைக்கு வரும்.

தொப்பூர் மேடு

ஒருத்தர் வந்தார். சொந்த வண்டி, அவரே டிரைவர், கூட ஒரு கிளீனர் பையன். 'ஏனுங்ணா, வண்டி இழுக்கவே மாட்டேங்குதுங்க. பெங்களூர் போறப்ப தொப்பூர் மேட்டுல நடக்கிறவன் நம்மைத் தாண்டிப் போயிருவான் போலிருக்குது. கருப்புப் புகை வேற'ன்னார். அதுக்கு முன்னாடியே வேற ஒரு இடத்துல இன்ஜெக்டரை மாத்தியிருந்தார். மேனிஃபோல்டுல சத்தம் வருதுன்னு அங்கேயே அதையும் 'சரி' பண்ணியிருந்தாங்க.

இங்க டர்போவைப் பத்தி ரெண்டு வார்த்தை. டர்போங்கிறது புகையோட வேகத்துல சுத்துற காத்தாடி. அது சுத்தினாத்தான் எஞ்சினுக்குள்ள காத்து அழுத்தமாப் போகும். டர்போவுக்கு முன்னாடியே மேனிஃபோல்டுல புகை லீக் ஆனா, சுத்த வேண்டிய வேகம் வெளியே போயிடும். காத்து குறையும். டிரைவர் இழுக்கலைன்னு ஆக்ஸிலேட்டரை அழுத்துவார். டீசல் கூடும், காத்து கூடாது. கருப்புப் புகை வரும், டீசல் செலவு ஏறும், புகையோட சூடும் ஏறும். சூடு ஏற ஏற விரிசல் பெரிசாகும். அந்த வட்டம் தானா நிக்காது.

சரி, அந்த வண்டிக்கு வருவோம். எஞ்சின் ஆறின பிறகு சைலன்சர் வழியா மெல்லிசாக் காத்து விட்டு, மேனிஃபோல்டு மேல சோப்புத் தண்ணி தெளிச்சோம். சோப்பு நுரையா முட்டை விட்ட இடம் பின்பக்க முனை. அங்க ஹெட்டு மேல விசிறி மாதிரி கருப்புக் கரி படிஞ்சிருந்தது. ரெண்டு ஸ்டட் உடைஞ்சிருந்தது. அந்த இடத்துல சிவப்பு சிலிக்கான் பேஸ்ட் அப்பியிருந்தாங்க. அந்த பேஸ்ட் 300 டிகிரியைச் சுத்தித் தாங்கும். 500க்கு மேல போற இடத்துல அது கரிதான்.

அவர்கிட்ட காட்டினேன். 'வெல்டு அடிச்சு விட்டுருங்ணா, லோடு தார்ப்பாய் கட்டி நிக்குது, மாசக் கடைசியில தவணை இருக்குது'ன்னார். அவர் கேட்டதுல தப்பு இல்லை. வண்டி நின்னா வருமானம் நின்னுரும், தவணை நிக்காது. லாரித் தொழில்ல எல்லா ரிப்பேரும் இந்த நெருக்கடிக்குள்ளதான் நடக்குது.

அப்ப கிளீனர் பையன் சொன்னான்: 'அண்ணா, எனக்குக் காலையில எந்திரிச்சா ஒரே தலைவலிங்ணா.' குளிர்ல வண்டியை ஐடிலிங்ல போட்டுட்டு கேபின்லயே தூங்குவாங்களாம். எஞ்சின் இருக்கிறது கேபினுக்கு நேர் கீழே. லீக் ஆன புகை எங்கே போகும்? கியர் லிவர் பக்கத்து ரப்பர் கிழிஞ்சிருந்தது. அந்த வழியா மேலே வந்துருக்கு.

ஓனர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் போனை எடுத்து புக்கிங் ஆபீசுக்குக் கூப்பிட்டு, 'லோடை வேற வண்டிக்கு மாத்திக்கோங்க'ன்னார்.

செய்ய வேண்டிய வேலை

ஹெட்டுக்குள்ள உடைஞ்ச ஸ்டட்டை எடுக்கிறதுதான் இதுல பாதி வேலை. துரு இறங்குற ஆயிலை முதல் நாளே விட்டு ஊற வைக்கணும். கொஞ்சம் வெளியே நீட்டிட்டு இருந்தா அது மேல ஒரு நட்டை வெச்சு, நட்டோட சேர்த்து வெல்டு அடிப்போம். அந்தச் சூட்டுலயே ஸ்டட்டோட பிடி தளரும். ஆறவிட்டு, முன்ன கொஞ்சம் பின்ன கொஞ்சம்னு ஸ்பானரை ஆட்டினா வந்துரும். அவசரப்பட்டு ஒரே திருப்பாத் திருப்பினா உள்ளேயே முறிஞ்சுரும். அப்புறம் நட்ட நடுவுல துளை போடணும். துளை கொஞ்சம் சாய்ஞ்சாலும் பக்கத்துலயே தண்ணி ஓடுற வழி இருக்கு, அதுல போய் இடிக்கும். மேனிஃபோல்டு வேலை ஹெட் வேலையா மாறுறது அந்த ஒரு நிமிஷத்துலதான். மரை போயிருந்தா ஓட்டையைப் பெரிசாக்கி அதுக்குள்ள ஹெலிகாயில் போடலாம். நம்ம ஊர்ல ஆளைத் திட்டுறதுக்கே 'மரை கழண்டவன்'னு சொல்றோம். மரை எவ்வளவு முக்கியம்னு அதுலயே தெரியுது.

அடுத்தது மேனிஃபோல்டு. கழட்டித் தொங்கவிட்டு சின்னச் சுத்தியால தட்டிப் பார்ப்போம். பானை வாங்குறப்ப தட்டிப் பார்க்கிறோமே, அதே மாதிரி. நல்ல வார்ப்பு 'டிங்'னு பாடும், விரிசல் விட்டது 'டொக்'குன்னு சொல்லும். அப்புறம் முகத்துல நேர்கோட்டுப் பட்டையை வெச்சு, இடையில ஃபீலர் கேஜ் நுழையுதான்னு பார்க்கணும். எவ்வளவு வளைவு வரைக்கும் விடலாம்னு அந்தந்த எஞ்சின் கையேட்டுல இருக்கும். தாண்டினா லேத்துக்கு அனுப்பி முகத்தைச் சீவணும். சில பேர் வளைவைக் கவனிக்காம கேஸ்கட்டை ரெண்டாப் போடுவாங்க. அது ரெண்டு மடங்கு லீக்குக்கு வழி.

வெல்டு அடிக்கலாமா? எல்லாரும் கேட்கிற கேள்வி. வார்ப்பு இரும்புல கார்பன் சுமார் 3 சதவீதம், அதுக்கு மேலயும் இருக்கும். சாதாரண ராடால வெல்டு அடிச்சா, வெல்டுக்குப் பக்கத்துல இருக்கிற இரும்பு கண்ணாடி மாதிரி கெட்டியாகி நொறுங்கும். விரிசல் பழைய இடத்தை விட்டு ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி புதுசா ஓடும். முறையாப் பண்ணணும்னா விரிசலோட ரெண்டு முனையிலயும் சின்னத் துளை போட்டு அது மேல ஓடாம நிறுத்தணும். விரிசலை வி வடிவத்துல தோண்டிச் சுத்தம் பண்ணணும். முன்சூடு கொடுக்கணும். நிக்கல் ராடால கொஞ்சம் கொஞ்சமா அடிக்கணும், ஒவ்வொரு தையலுக்கும் சுத்தியால மெதுவாத் தட்டணும். முடிச்சதும் சாம்பல்லயோ சுண்ணாம்புத் தூள்லயோ புதைச்சு ராத்திரி முழுக்க ஆறவிடணும். அப்படிப் பண்ணினா நிக்கும். ஆனா வருஷக் கணக்கா வெந்து உள்ளே வரைக்கும் கரி ஏறின இரும்புல வெல்டு பிடிக்கவே பிடிக்காது. எதை வெல்டு பண்ணக் கூடாதுன்னு சொல்லத் தெரியணும். அதுவும் இந்த வேலையில ஒரு பாதி.

அந்த வண்டிக்குப் புது மேனிஃபோல்டுதான் போட்டோம். ஸ்டட் முழு செட்டும் மாத்தினோம். ஒண்ணு ரெண்டு உடைஞ்சிருந்தா மத்ததும் அதே சூட்டைத்தான் தின்னிருக்கும். சாதாரண ஹை டென்சைல் போல்ட்டைப் போட்டா இந்தச் சூட்டுல அதோட முறுக்கே போயிரும். சூடு தாங்குற இரும்புல செஞ்சதுதான் வேணும். மரையில நிக்கல் கலந்த பேஸ்ட் தடவணும். இறுக்கும்போது நடுவுல ஆரம்பிச்சு, ரெண்டு பக்கமும் மாறி மாறி முனைக்குப் போகணும். ஒரே சுத்துல இறுக்கக் கூடாது. மூணு தடவையாப் பிரிச்சு, டார்க் ரெஞ்ச்ல கையேடு சொல்ற அளவுக்கு. 'இன்னும் ஒரு பிடி'ன்னு கையில தோணும். அந்த ஒரு பிடியைக் கொடுக்கக் கூடாது.

ஏன் உடைஞ்சுது?

வேலை இதோட முடிஞ்சதுன்னு நினைக்கக் கூடாது. புதுசு மாட்டின பிறகும் காரணம் அப்படியே இருந்தா அதே இடத்துல உடையும். அந்த வண்டியில தேடினப்ப ரெண்டு விஷயம் கிடைச்சது. டர்போவைத் தாங்குற பிராக்கெட் இல்லவே இல்லை. முன்னாடி ஏதோ வேலைக்குக் கழட்டினவங்க திரும்ப மாட்டலை. அந்த மொத்த எடையையும் மேனிஃபோல்டு ஒத்தைக் கையால தூக்கிட்டு இருந்திருக்கு. ரெண்டாவது, டர்போவுக்குப் பின்னாடி வர்ற வளைஞ்சு கொடுக்கிற பெல்லோஸ் குழாய் துருப்பிடிச்சு இறுகிப் போயிருந்தது. எஞ்சின் ஆடும், சேசிஸ் ஆடாது. நடுவுல வளைய வேண்டியது வளையாததால அந்த ஆட்டம் முழுக்க மேனிஃபோல்டு மேல வந்திருக்கு.

பொதுவா இன்னும் சில காரணம் உண்டு. துண்டு மேனிஃபோல்டுல வழுக்குற மூட்டுக்குள்ள கரி அடைச்சு ஒரே துண்டா இறுகிடும். ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கும். பிக்கப் வேணும்னு டீசலைக் கூட்டி வெச்சிருப்பாங்க. மேடு ஏறி வந்த கையோட டீக்கடை முன்னாடி டக்குன்னு எஞ்சினை ஆஃப் பண்ணுவாங்க. மூணு நிமிஷம் ஐடிலிங்ல விட்டா மேனிஃபோல்டு, டர்போ ரெண்டுமே நிதானமா ஆறும்.

2020 ஏப்ரல் 1ல இருந்து வர்ற பி.எஸ். 6 வண்டிகள்ல இந்த லீக் இன்னும் வம்பு. புகையைச் சுத்தம் பண்ற வடிகட்டி, யூரியாக் கரைசல், சென்சார் எல்லாம் மேனிஃபோல்டுக்குப் பின்னாடிதான் இருக்கு. முன்னாடியே ஒழுகுற புகை எதையும் சந்திக்காம நேரா வெளியே வருது. அத்தனை செலவு பண்ணிச் சுத்தம் பண்றதா சொல்ற வண்டியில, ஒரு உடைஞ்ச ஸ்டட் வழியா பழைய புகையே வந்துட்டு இருக்கும்.

மூச்சு

டீசல் புகையை உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988ல 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கலாம்'ங்கிற பிரிவுல வெச்சிருந்தது. 2012 ஜூன்ல 'நிச்சயமா உண்டாக்கும்'ங்கிற முதல் பிரிவுக்கு மாத்தியது. சுரங்கத்துக்குள்ள டீசல் எஞ்சின் பக்கத்துல வேலை செஞ்சவங்களைப் பத்தின ஆய்வுகள் அதுக்கு முக்கியக் காரணம். டீசல்ல கார்பன் மோனாக்சைடு பெட்ரோலை விடக் குறைவுதான், ஆனா இல்லாம இல்லை. அதுக்கு வாடையும் கிடையாது. மூடின கேபின்ல தூங்குறவங்களுக்கு அது தெரியாது.

எங்க தொழில்ல டிரைவரும் கிளீனரும் மெக்கானிக்கும்தான் இந்தப் புகைக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கோம். பழைய எஞ்சின் கேஸ்கட்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. என் பட்டறையில பசங்களுக்கு ஒரே சட்டம்: பழைய கேஸ்கட்டை நனைக்காம சுரண்டக் கூடாது, காத்து அடிச்சு ஊதக் கூடாது, முகமூடி இல்லாம தொடக் கூடாது. முதல்ல சிரிச்சாங்க. இப்ப புதுசா வர்ற பையனுக்கு அவங்களே சொல்லிக் கொடுக்கிறாங்க.

அந்த வண்டி மூணு நாள் நின்னுச்சு. அந்த ஓனருக்கு ஒரு டிரிப் வாடகை போச்சு, அந்த மாசத் தவணைக்குக் கடன் வாங்கினார். அதையும் சேர்த்துத்தான் சொல்லணும். சரியான ரிப்பேர் சும்மா வராது. ஆனா இப்ப தொப்பூர் மேட்டுல வண்டி ஏறுது. பையனுக்குத் தலைவலி இல்லை. கியர் லிவர் ரப்பரையும் மாத்திட்டோம்.

கடைசியா உங்களுக்கு ஒண்ணு. நீங்க லாரி ஓட்டப் போறதில்லை. ஆனா ராத்திரி பஸ்ல ஊருக்குப் போவீங்க. உங்க அபார்ட்மெண்ட் கீழ்தளத்துல டீசல் ஜெனரேட்டர் இருக்கும். பஸ்ஸுக்குள்ள உட்கார்ந்திருக்கும்போது புகை வாடை விடாம வந்தாலோ, கண் எரிஞ்சாலோ, ஜன்னலைத் திறந்துட்டுத் தூங்கிடாதீங்க. டிரைவர்கிட்ட போய், 'அண்ணா, உள்ளே புகை வருது, எக்ஸாஸ்ட் லீக்கா இருக்கலாம்'னு சொல்லுங்க. ஜெனரேட்டர் ஓடும்போது லிஃப்ட் பக்கம் புகை வந்தா அசோசியேஷன்ல எழுதிக் கொடுங்க. நீங்க சொன்னாத்தான் யாராவது குனிஞ்சு பார்ப்பாங்க. குனிஞ்சு பார்த்தா அந்தக் கருப்புக் கரி அங்கேயே படிஞ்சிருக்கும்.

 வரட்டுங்களா?